கூகையார் வந்த வழி

ஒரு காட்டில், ஓடையோரமாக ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் நிழல்தான் அந்தக் காட்டின் பள்ளிக்கூடம். ஆமைதான் வாத்தியார். மணி அடிப்பது மரங்கொத்தியின் வேலை. வெயில் ஓடையைத் தொட்டதும் மரங்கொத்தி டொக், டொக், டொக் என்று மூன்று முறை கொத்தும். மூன்றாவது கொத்துக்குள் பிள்ளைகள் நிழலுக்குள் வந்துவிட வேண்டும். உங்கள் பள்ளியில் கேட்டைச் சாத்துகிறார்களே, அதே மாதிரிதான்.

பிள்ளைகளை விட்ட பெற்றோர் உடனே வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஓடைக்கரையில் நின்று ஊர்க்கதை பேசாவிட்டால் அவர்களுக்குத் தின்றது செரிக்காது. யார் பிள்ளை முகம் கழுவவில்லை, யார் வீட்டில் சண்டை, யார் நேரம் கழித்து வந்தார், எல்லாம் அங்கேதான் அலசப்படும்.

அந்தக் கூட்டத்தில் செங்காலி என்ற கௌதாரியின் சொல்லுக்குத் தனி மரியாதை இருந்தது. அவளுக்கு ஒன்பது குஞ்சுகள். ஒன்பதையும் வரிசையாக நடத்திக்கொண்டு, முதல் கொத்து விழும்போது மரத்தடியில் நிற்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

செங்காலி கெட்டவள் அல்ல. வழியில் யார் பிள்ளையின் காலில் முள் குத்தியிருந்தாலும் எடுத்துவிட்டுத்தான் நகர்வாள். ஆனால் தன்னால் முடிவது எல்லோராலும் முடியும் என்பது அவள் எண்ணம். முடியவில்லை என்று யாராவது சொன்னால், மனமில்லை என்றுதான் அவள் காதில் விழும்.

அந்த ஆண்டு பள்ளியில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தான். கூகை என்கிற பெரிய ஆந்தையின் குஞ்சு. பெயர் பொட்டு. அவனுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால், மருத மரத்தின் அடியில் இருந்த இருட்டுப் பொந்தில் உட்கார்ந்துதான் பாடம் கேட்பான்.

அவனைச் சேர்க்க ஒரு மாலையில் கூகையார் வந்தபோது, வாயாடி மைனா எதிரே போய் நின்றாள்.

"பேரப்பிள்ளையா, தாத்தா?"

"இல்லம்மா. மகன்."

"மகனா! இந்த வயசுலயா?"

கூகையாருக்கு இறகெல்லாம் நரைத்துவிட்டது. பொட்டுவின் அம்மா போன மழைக்காலத்துப் புயலில் இறந்துபோனாள். அதை அவர் சொல்லவும் இல்லை, மைனா கேட்கவும் இல்லை. ஆனால் மறுநாளே காடு முழுக்க, "கிழவருக்குப் பிள்ளை பாருங்க" என்ற பேச்சு பரவிவிட்டது.

போகப்போக இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. காலையில் பெற்றோர் வரும்போதெல்லாம் பொட்டு ஏற்கெனவே அங்கே இருப்பான். பொந்து வாசலில் பனியில் நனைந்து, தனியாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் அவன் மட்டும் இருப்பான். பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகுதான் கூகையார் வந்து கூட்டிப் போவார்.

"கோழி கூவுறதுக்கு முன்னாடியே பிள்ளையைக் கொண்டாந்து தள்ளிட்டு, போய்ப் படுத்துக்கறார்" என்றாள் மைனா. "கண்ணு முழிக்கறப்ப ஞாபகம் வந்தா வந்து தூக்கிட்டுப் போறார். இதுக்கு எதுக்கு ஒரு பிள்ளை?"

செங்காலிக்குத் தாங்கவில்லை. பனியில் நடுங்கும் அந்தக் குஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வயிறு எரிந்தது. அது உண்மையான இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கம் முழுவதும் கூகையார் மேல் கோபமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"இதுக்கு ஒரு வழி பண்றேன்" என்றாள்.

அன்று உச்சிப்பொழுதில் பெற்றோர் கூட்டம் கூடியது. பகலில் கூடினால் கூகையார் எப்படி வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் பேசினார்கள். வராதவர் சம்மதித்ததாக வைத்துக்கொண்டார்கள்.

செங்காலி இரண்டு விதிகள் சொன்னாள்.

"முதல் கொத்துக்கு முன்னாடி யாரும் பிள்ளையைக் கொண்டாந்து விடக்கூடாது. வெயில் வந்தப்புறம், வாத்தியார் கையில நேரா ஒப்படைக்கணும். அது ஒண்ணு. விட்டப்புறம் பெத்தவங்க யாரும் மர நிழல்ல இருக்கக்கூடாது. அது ரெண்டு."

இரண்டாவது விதி வந்தது குரங்கு அப்பாவால். அவர் மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாத்தியார் கேட்கும் கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது முயல் மெதுவாக வாயைத் திறந்தது. "கூகையார் பகல்ல எப்படி வருவார்? வழியில அந்தப் பொட்டல்... அங்க காக்காக் கூட்டம்..."

"உனக்கு எதைப் பார்த்துதான் பயமில்லை?" என்றாள் செங்காலி. எல்லோரும் சிரித்தார்கள். முயல் காதைத் தாழ்த்திக்கொண்டது.

கூகைக்கும் காக்கைக்கும் ஆகாது என்பது அந்தக் காட்டில் யாருக்குத் தெரியாது? செங்காலிக்கும் தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வர வேண்டுமே! ஆமை வாத்தியார், "கொஞ்சம் யோசிச்சு..." என்று ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டுவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

அன்று மாலை செங்காலி காத்திருந்து கூகையாரிடம் விதியைச் சொன்னாள்.

"பகல்லயா அம்மா?" என்று கேட்டார் அவர்.

"பள்ளிக்கூடம் பகல்லதானே நடக்குது?"

"எனக்கு ராத்திரி வேலை. விடிய விடிய எலி பிடிச்சாத்தான் எங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு..."

"வேலை எல்லாருக்கும்தான் இருக்கு, ஐயா. எனக்கு ஒன்பது பிள்ளை."

"அது மட்டும் இல்லம்மா. வர்ற வழியில..."

"எல்லாரும் வழி நடந்துதான் வர்றோம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பொட்டுவோட இடத்துக்கு வேற பிள்ளை காத்திருக்கு."

கூகையார் பொந்தைத் திரும்பிப் பார்த்தார். பொந்துக்குள்ளிருந்து பொட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார் கடைசியில். "எனக்கு வயசாச்சு. இன்னும் எத்தனை நாளோ. எனக்கப்புறம் இவனுக்கு இந்தக் காட்டுல நாலு பேரையாவது தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் இங்க சேர்த்தேன். கொண்டாந்து விடறேன்."

செங்காலி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். சொல்கிற விதமாகச் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் வானம் மூடியிருந்தது. கூகையார் இரண்டாவது கொத்துக்கு வந்துவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவர் நேரே மரத்தில் போய் முட்டிக்கொண்டார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவருடைய தலை இறகெல்லாம் தாறுமாறாகக் கிடந்தது.

"தலை சீவக்கூட நேரமில்லை போல" என்றாள் மைனா. செங்காலியும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் மூன்றாவது கொத்து விழப்போகும் நேரத்தில் வந்து சேர்ந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தா கண்ணு வீங்கத்தான் செய்யும்" என்றாள் செங்காலி. "நேரத்துக்குப் படுங்க ஐயா."

"சரிம்மா" என்றார் கூகையார். சொல்லப்போனபோது கேட்காதவர்களிடம் மறுபடியும் எதைச் சொல்வது?

மூன்றாம் நாள் வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் கொத்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கூகையாரைக் காணோம். செங்காலி ஓடைக்கரைக்குப் போய், எதிர்ப்புறம் இருந்த பொட்டலைப் பார்த்து நின்றாள். கவலையால் அல்ல. இன்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் நின்றாள்.

பொட்டலின் நடுவே கறுப்பாக ஏதோ நகர்ந்து வந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு சத்தம் கேட்டது.

காக்கைகள். நாற்பது, ஐம்பது இருக்கும். தரையை ஒட்டிச் சுழன்று சுழன்று கொத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கூகையார் நடந்து வந்தார். பறக்கவில்லை, நடந்தார். இரண்டு சிறகுகளையும் முன்னால் மடித்து எதையோ மூடிப் பிடித்திருந்தார். தலையில் ஒரு கொத்து, முதுகில் ஒரு கொத்து, மூடாத ஒரே கண்ணைக் குறிவைத்து ஒரு கொத்து. அவர் சிறகைத் திறக்கவே இல்லை.

டொக் என்று மூன்றாவது கொத்து விழுந்தது.

கூகையார் ஓடைக் கற்களில் தடுமாறி ஏறி, நிழலுக்குள் வந்தார். காக்கைகள் அடர்ந்த இலைகளுக்குள் நுழையவில்லை. சுற்றியிருந்த மரங்களில் உட்கார்ந்துகொண்டன. கூகையார் சிறகை விரித்தார். உள்ளே இருந்து பொட்டு இறங்கினான். அவன் மேல் ஓர் இறகுகூடக் கலையவில்லை.

"மணி அடிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டார் கூகையார். அவருக்குக் கண் தெரியவில்லை. செங்காலி நின்ற பக்கத்துக்குப் பதிலாக மைனா நின்ற பக்கம் பார்த்துக் கேட்டார்.

மணி அடித்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும்.

"இல்லை" என்றாள் செங்காலி. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் நேரத்தைப் பற்றிப் பொய் சொன்னாள். "சரியா வந்துட்டீங்க."

"நல்லதாப் போச்சு" என்றார் கூகையார். மகனை வாத்தியார் முன்னால் விட்டார். பொட்டு பொந்துக்குள் ஏறிப் போனான். அந்தப் பொந்து இருட்டாகவும் பெரிதாகவும் இருந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கூகையார் அதன் வாசலில் ஒரு கணம் நின்றார்.

அவர் ஏன் நின்றார் என்று செங்காலிக்குப் புரிந்தது. சாயங்காலம் வரை அந்த இருட்டில் இருந்துவிட்டால் போதும். பொழுது சாய்ந்தால் காக்கைகள் போய்விடும். 'இருங்க ஐயா' என்று சொன்னால் ஆயிற்று. ஆனால் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதி அவள் போட்டது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குக் குரங்கும் வந்து உட்காருமே என்று பழகிப்போன மனம் கணக்குப் போட்டது. சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

அது வாய்க்கு வருவதற்குள் கூகையாரே சொன்னார்.

"தெரியும்மா. பெத்தவங்க இங்க இருக்கக்கூடாது. கிளம்பிடறேன்."

அவர் வெயிலுக்குள் நடந்து போனார். சுற்றியிருந்த மரங்களிலிருந்து காக்கைகள் ஒரே நேரத்தில் எழும்பின.

அன்று ஓடைக்கரையில் யாரும் நின்று பேசவில்லை. மைனாகூட வாயைத் திறக்காமல் பறந்துவிட்டாள். ஆமை வாத்தியார் மட்டும் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, பொட்டலைப் பார்த்து மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கினார்.

மாலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். செங்காலி தன் ஒன்பது குஞ்சுகளையும் முயலோடு வீட்டுக்கு அனுப்பினாள். பொந்து வாசலில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் போன பிறகு அந்த மரத்தடி எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீங்க இன்னும் போகலையா அத்தை?" என்று கேட்டான் பொட்டு.

"இல்லைப்பா."

"எனக்குத் துணைக்கு இருக்கீங்களா? வேண்டாம் அத்தை, எனக்குப் பழக்கம்தான். அப்பா கடைசியாத்தான் வருவார். ஆனா வராம இருந்ததே இல்லை."

செங்காலி அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மங்கியபோது ஆமை வாத்தியார் ஓடையைக் கடந்து திரும்பி வந்தார். அவர் வாயில் நரைத்த இறகு ஒன்று இருந்தது. அதைப் பொந்து வாசலில் வைத்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

பொட்டு அந்த இறகை வெகுநேரம் பார்த்தான்.

"அப்பாவோடது" என்றான்.

செங்காலி அழுதாள். காலையில் சொல்லாமல் விட்ட 'இருங்க' என்ற சொல்லை நினைத்து நினைத்து அழுதாள். பிறகு தன் சின்னச் சிறகை விரித்தாள். கூகையாரின் சிறகைப் போல அது அவ்வளவு பெரியது அல்ல. அவனை முழுதாக மூடப் போதவில்லை.

"நாளைலேருந்து உன்னை நான் கூட்டிட்டு வரேன், பொட்டு" என்றாள்.

பொட்டு தலையை மட்டும் அந்தச் சிறகுக்குள் நுழைத்துக்கொண்டு கேட்டான்.

"நேரத்துக்கு வந்துடுவீங்களா அத்தை? கொஞ்சம் தாமதமானாலும் இங்க சேர்த்துக்க மாட்டாங்க."

நீதி: ஒருவர் வந்த நேரத்தைக் குறை சொல்வதற்கு முன், அவர் வந்த வழியைக் கேள்.