வியர்வையும் வீம்பும்

ஓர் உடம்பில் வியர்வையும் வீம்பும் ஒன்றாகக் குடியிருந்தன. வியர்வைக்கு ஒரே வேலைதான். உள்ளே சூடு ஏறினால் அதைச் சுமந்துகொண்டு தோல்வாசலுக்கு வரவேண்டும், காற்றில் கலந்து போய்விட வேண்டும். வீம்புக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. கிடந்த இடத்திலிருந்து "விடாதே, விடாதே" என்று கத்துவதோடு சரி. வீட்டில் யார் பேச்சு எடுபட்டது என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லவும் வேண்டுமா?

உடம்புக்குச் சொந்தக்காரன் பெயர் சுஜின். நாகர்கோவிலில் செல்போன் கடை வைத்திருந்தான். ஒரு கல்யாணப் பந்தியில், மனைவியின் அண்ணன் பெனட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, உனக்க தொந்திக்குத் தனியா ஒரு இலை போடச் சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டான். பந்தியே சிரித்தது. சுஜினும் சிரித்தான். வீம்பு மட்டும் சிரிக்கவில்லை. அது வரை படுத்துக் கிடந்தது, அன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நாளில் ஒரு மலைப்பாதை ஓட்டம் வந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப்போய், உச்சியில் சிலுவை நிற்கும் குருசடியைத் தொட்டுவிட்டு, அதே வழியில் இறங்கி வர வேண்டும். சுஜின் பேர் கொடுத்தான். "உன்னைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேண்டாமா?" என்று பெனட்டும் பேர் கொடுத்தான். விளையாட்டாகச் சொன்னதுதான்.

ஓட்டத்தன்று பார்த்து, ராத்திரி முழுக்க மழை கொட்டிவிட்டு, விடிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. தோட்டத்தில் ஓர் இலை அசையவில்லை. சுஜினின் மனைவி ஷைனிக்கு அது ஏழாம் மாசம். "முடியலேன்னா நின்னுருங்க. வரப்போற பிள்ளைய நினைச்சுக்கிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவன் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதற்கு என்ன செலவு?

ஓட்டம் தொடங்கியதும் வியர்வை முதல் சுமையோடு வாசலுக்கு வந்தது. அங்கே புழுக்கம் அடைத்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் தள்ளுங்க, வெளிய போவணும்" என்றது வியர்வை.

"எங்க தள்ள? பண்டிகை நேரத்து ரயிலு மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்கோம். ஒரு துளிக்குக்கூட இடமில்ல."

"உள்ள சூடு ஏறுது. நான் போனாத்தான் அதும் போவும்."

"நான் என்ன வேணும்னா நிக்கேன்? எனக்கே மூச்சு முட்டுது. கொஞ்சம் காத்தை வரச் சொல்லு, எல்லாரும் நகருவோம்."

காற்று எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. கலந்துபோக வழியில்லாமல் வியர்வை உருண்டு வழிந்தது. புருவத்திலிருந்து சொட்டியது, முழங்கையிலிருந்து சொட்டியது, ஷூவுக்குள் இறங்கிச் சளக் சளக்கென்றது. சூடு மட்டும் உள்ளேயே இருந்தது. வியர்வை திரும்பத் திரும்பச் சுமந்து வந்தது. அத்தனையும் வீண். பாவம், அதற்கு வேறு என்னதான் தெரியும்?

பாதி ஏற்றத்தில் தண்ணீர் மேசை போட்டிருந்தார்கள். பெனட் அங்கேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு ஆவாது மாப்ள. தலை சுத்துது. நீயும் இரி."

சுஜினின் கால்கள் உட்காரத்தான் மடங்கின. வீம்பு விடுமா? "இரி, நல்லா இரி. அடுத்த கல்யாணத்துல ரெண்டு இலை போடச் சொல்லுவான்" என்றது. சுஜின் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினான்.

மேலே போகப் போக வியர்வை வீம்பிடம் கெஞ்சத் தொடங்கியது. "அவனை நிக்கச் சொல்லேன். நீ சொன்னா கேப்பான்."

"அழுமூஞ்சி! உன்னைப் பார்த்தாலே எனக்கு அவமானமா இருக்கு."

"எனக்குத் தண்ணி வத்திட்டு. இனி சுமக்க முடியாது."

"சனியன் ஒழிஞ்சுது" என்றது வீம்பு.

சுஜின் குருசடியைத் தொட்டான். திரும்பி இறங்கும்போது அந்த வெயிலில் அவனுக்கு உடம்பு புல்லரித்தது, குளிர்கிற மாதிரி நடுங்கியது. நெற்றியைத் துடைத்தான். கை உலர்ந்திருந்தது.

"பாத்தியா!" என்று குதித்தது வீம்பு. "வியர்வை நின்னுட்டு. உடம்பு பழகிட்டு. நாம ஜெயிச்சோம்!"

அதையும் அவன் நம்பினான். மடையன்! சுமை தூக்குகிறவன் வெளியே வரவில்லை என்றால் உள்ளே விழுந்து கிடக்கிறான் என்று அர்த்தம், சுமை தீர்ந்துவிட்டது என்றா அர்த்தம்? தோலுக்கு அடியில் வியர்வை மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தது. கேட்பாரில்லாத வீட்டில் சூடு ஒவ்வோர் அறையாகப் புகுந்துகொண்டிருந்தது.

தண்ணீர் மேசை தெரிந்தது. பெனட் எழுந்து நின்று கைதட்டினான்.

"நிக்காத" என்றது வீம்பு. "கையை மட்டும் குடு. இறுக்கிப் பிடி, அவனுக்குத் தெரியட்டும்."

சுஜின் கையைக் கொடுத்தான், இறுக்கிப் பிடித்தான். "பரவாயில்லியே மாப்ள" என்று தொடங்கிய பெனட், பாதியில் நிறுத்தினான். அந்தக் கையில் ஈரமே இல்லை. அடுப்பிலிருந்த தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"ஏய், என்னடே இது? உனக்க பேரு என்ன, சொல்லு பாப்போம்!"

சுஜின் சிரித்தான். "ரெண்டு இலை" என்றான்.

பெனட் அவனைத் தோளோடு பிடித்தான். அவனை அப்படியே தரையில் இழுத்துப் போட்டான். சுஜின் திமிறினான், உதைத்தான். ஐஸ் தண்ணீர் வாளியைத் தூக்கித் தலையோடு கவிழ்த்தான் பெனட். மேசைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, வெறிபிடித்தவன்போல அவனுக்கு விசிறினான். "யாராவது வாங்களேன்!" என்று கத்தினான். "எனக்க தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!" என்று வாய்விட்டு அழுதான்.

வாசலில் புழுக்கம் சற்றே நகர்ந்தது. "காத்து வருது, வழி விடுங்க!" என்றது.

வாளித் தண்ணீர் தோல்வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்தது: "நீ கிட. மிச்சத்தை நான் சுமக்கேன்." சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது.

ஆஸ்பத்திரியில் சுஜினின் உயிர் தங்கியது. அதற்கு மேல் நல்ல சேதி அதிகம் இல்லை. கால் நகங்கள் கறுத்துப் போயின. உதடு உரிந்தது. சிறுநீரகம் இரண்டும் அடிபட்டுவிட்டன என்றார் டாக்டர், பழையபடி ஆகுமா என்று ஷைனி கேட்டதற்கு, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் பெனட் கட்டிலருகில் உட்கார்ந்து ஓர் அட்டையால் வீசிக்கொண்டே இருந்தான். யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் சுஜின் கண்ணைத் திறந்தான். நெற்றியில் ஒரு துளி வியர்வை மெல்ல எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் ஷைனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

சுஜின் உதட்டை நனைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "மச்சான், இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி இருந்துச்சு? நீங்க பிடிக்காம இருந்தா நான் முடிச்சிருப்பேன்லா?"

வீசிக்கொண்டிருந்த பெனட்டின் கை நின்றது.

வியர்வை திடுக்கிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தது. வீடு முழுக்க வெந்து கிடந்தது. நடுவில், ஒரு கீறல்கூட விழாமல், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது வீம்பு.

"நீ இன்னும் சாவலியா?" என்று கேட்டது வியர்வை.

"எனக்கென்ன? ஓடினது அவன்தானே" என்றது வீம்பு.