ஆயிரமாவது கடை

நல்லசிவத்துக்கு நாற்பது நாடுகளில் காபிக்கடை. மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. 'டபரா' என்று பெயர். சிங்கப்பூரில் ஒரு சந்துக்குள் ஆரம்பித்தது, இன்றைக்கு லண்டன் மழையிலும் துபாய் வெயிலிலும் ஜனங்களை வரிசையில் நிற்க வைக்கிறது. அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில், ஆள் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே போகவேண்டிய ஒரு காபிக்கடை முன்னால் கைகட்டி நின்றார்.

கடைக்காரி பர்வதம் அவரைவிடப் பத்து வயது இளையவள். வேலை போய் அவர் சும்மா திரிந்த நாளில், ஆறு மாதம் பக்கத்தில் நிறுத்தி டிகாஷன் இறக்கக் கற்றுக்கொடுத்தவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது.

"மாஸ்டர், ஆயிரமாவது கடை எங்க வருது தெரியுமா?"

"எங்க?"

"அதோ." எதிரே பூட்டிக்கிடந்த கட்டடத்தைக் காட்டினார். "நான் தொழில் கத்துக்கிட்ட ஊராச்சே, இங்கதான் வைக்கணும்னு ஆபீஸ்ல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உங்க வயித்துல அடிச்சு ஒரு கடையான்னு இருக்கு. திறக்கவா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்."

பர்வதம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"தஞ்சாவூர் வண்டி வந்துருச்சு. கொஞ்சம் உள்ள நில்லுங்க."

சொல்லிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

கண்டக்டர் வந்தார். "ஸ்ட்ராங்கா ஒண்ணு."

டபரா கடைகளில் கோப்பைமேல் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். பழக்கதோஷம், நல்லசிவம் பேனாவை எடுத்துவிட்டார்.

"சார் பேரு?"

"எதுக்கு, மெமோ குடுக்கவா?"

பெஞ்சில் பர்வதம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் தன் கையால் காபி போட்டுப் பத்து வருஷமாகிறது. முதல் டம்ளரில் பால் வழிந்தது. இரண்டாவதை ஆற்றும்போது பாதி தரைக்குப் போனது. ஐந்தாவதில் நுரை நின்றது. கூட்டம் கலைவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்து, மனிதர் ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"அண்ணே, எனக்கு ஒண்ணு."

"இதோ. உங்களுக்கு எப்படி மாஸ்டர், ஸ்ட்ராங்கா லைட்டா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாற்பது நாட்டு நாக்கும் அவருக்கு அத்துப்படி. இவள் எப்படிக் குடிப்பாள் என்பது தெரியாது.

பர்வதம் யோசித்தாள். "தெரியலையே அண்ணே. கடைசியில எது மிஞ்சுதோ, அதை நின்னுக்கிட்டே ஊத்திக்குவேன்."

அவர் புது டிகாஷன் எடுத்தார். பாலைப் பொங்கவிட்டு, கள்ளிச்சொட்டாக ஒரு காபி போட்டு, இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தாள். திருவாரூர் வண்டி ஹாரன் அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், நான் கேட்டதுக்குப் பதில் வரலையே. கடையைத் திறக்கவா?"

"சீக்கிரம் திறங்க அண்ணே. இருபது வருஷமா எனக்குப் போய் உக்காந்து காபி குடிக்க ஒரு கடை இல்ல."