குழி விழுந்த நெய்

சூடு பட்டால் ஓடும். குளிர் பட்டால் உட்காரும். உட்கார்ந்ததும் இளைத்துப் போகும். அது என்ன?

விடை தெரிந்தால் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே இருக்கட்டும். இந்தக் கதையிலும் ஒருவர் அப்படித்தான் வைத்திருந்தார்.

மன்னர் மாறவேலர் அந்த ஆண்டுதான் சமவெளியை விட்டு மலைக்கோட்டைக்குக் குடிவந்திருந்தார். நல்ல மார்கழிக் குளிர். மகள் அரியநாச்சிக்குப் பிறந்தநாள் வந்தது. அன்று குழந்தை ஒரு பானை நெய்யைத் திறந்து முதல் கை அள்ள வேண்டும். அது அரண்மனை வழக்கம். பானை நிறைந்திருக்க வேண்டும், குறைந்தால் அபசகுனம்.

முதல் நாள் மாலை, சமவெளியிலிருந்து அரசரோடு வந்து அரண்மனைப் பண்டசாலையைப் பார்த்துக்கொண்ட உக்கிராணக்காரி பொம்மி உருக்கிய நெய்யை விளிம்பு வரை ஊற்றினாள். அரசர் பார்க்க அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் திறந்தால் நெய் உறைந்திருந்தது. நடுவில் ஒரு குழி.

"சாவி இவளிடம், குழி பானையில். இதற்கு மேல் என்ன விசாரணை?" என்றார் அமைச்சர் செண்பகராயர். அவர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். உக்கிராண வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கித்தர அவருக்கு நெடுநாள் ஆசை.

"நான் தொடவே இல்லை, மகாராசா. குழி எப்படி வந்தது என்று தெரியவில்லை," என்றாள் பொம்மி.

அரசருக்கும் தெரியவில்லை. அவர் இலைக்கு நெய் எப்போதும் உருகித்தான் வரும். "நாளையே கோட்டையை விட்டுப் போய்விடு," என்றார்.

அவைப்புலவர் கூத்தபிரான் எழுந்தார். "போகட்டும், அரசே. விழாவை நாளைக்கு வைத்துக்கொள்வோம். வேறு பானையை நிரப்பி அமைச்சரையே காவல் வையுங்கள். அவரைவிட யோக்கியர் யார் இருக்கிறார்கள்?"

அமைச்சர் முகம் சுருங்கியது. "எனக்கு முதுகுவலி."

"மெத்தை போடச் சொல்கிறேன்," என்றார் கூத்தபிரான்.

மறுநாள் காலை கதவு திறந்தது. பானையைச் சுற்றி நான்கு தணல் சட்டிகள். பானைக்குக் கம்பளி. அமைச்சருக்கு வேர்வை. நெய் விளிம்பு வரை தளும்பியது.

"பார்த்தீர்களா, ஒரு துளி குறையவில்லை," என்றார் அமைச்சர்.

"சபாஷ். திருடனைத் தடுக்கத் தணல் எதற்கு?" என்றார் கூத்தபிரான்.

தூக்கமில்லாத அமைச்சருக்கு எரிச்சல் வந்தது. "இதுகூடத் தெரியாதா, புலவரே? ஆறவிட்டால் நெய் உறைந்து சுருங்கும். நடுவில் குழி விழும். பிறகு என்னை அல்லவா..."

அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"அரசே, திருடன் குளிர்தான். அமைச்சருக்கு அவனை முன்பே தெரியும்," என்றார் கூத்தபிரான்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கூத்தபிரானுக்குத் தம் சால்வையைப் போர்த்தினார். பொம்மியிடம் சாவியைக் கொடுத்தார். தணல் சட்டிகளை அடுக்களையில் சேர்க்கும் வேலை அமைச்சருக்கு.

"எந்தப் பானையம்மா வேண்டும்? தளும்புகிறதே, அதுவா?" என்று அரசர் மகளைக் கேட்டார்.

அரியநாச்சி குழி விழுந்த பானையைக் காட்டினாள். குழி நிறையச் சர்க்கரை போடச் சொன்னாள்.