ஓடு கழற்றிய நண்டும் ஓயாமல் கூப்பிட்ட ஆமையும்

ஆவாரங்குளத்தில் சிலம்பாயி என்றொரு நண்டு இருந்தது. கரையோரம் மேயும் மீன்குஞ்சுகளைக் காப்பதுதான் அதன் வேலை. தண்ணீர்ப் பாம்பு தலையை நீட்டினால் போதும், கொடுக்கால் ஒரே கவ்வு! பாம்பு வந்த வழியே ஓடிவிடும். அந்தக் குளத்துக்குத் தலைவர் ஓர் ஆமை.

நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். புது ஓடு இறுக நாலு நாளாகும். அதுவரை உடம்பு வெந்த கிழங்கு மாதிரி இருக்கும். யார் தொட்டாலும் பிய்ந்துவிடும். வளைக்குள் பேசாமல் கிடக்க வேண்டியதுதான்.

சிலம்பாயி ஆமையிடம் முறையாக நாலு நாள் லீவு கேட்டது. முள்ளுள்ள கெளுத்தி மீனைத் தன் இடத்தில் நிறுத்தி, பாம்பு வரும் வழியை எல்லாம் சொல்லிவைத்தது.

“தாராளமாப் போய் ஓய்வெடு!” என்றது ஆமை.

மறுநாளே வளை வாசலில் தவளை வந்து கத்தியது. “சிலம்பாயி! தலைவர் கூப்பிடுறார்! ஒரே ஒரு சந்தேகமாம்!”

சிலம்பாயி தட்டுத் தடுமாறிப் போனது.

“பாம்பு கோரைப்புல் பக்கமாத்தானே வரும்?” என்று கேட்டது ஆமை. கெளுத்தி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது!

“இதுக்கா கூப்பிட்டீங்க தலைவரே? கெளுத்தியைக் கேட்டிருக்கலாமே!”

“உன் வாயால கேட்டாத்தான் எனக்குத் திருப்தி. ரெண்டு நிமிஷ வேலைதானே!”

ரெண்டு நிமிஷமாம்! போக வர அந்தப் பச்சை உடம்பு சரளைக் கல்லில் உரசி எரிந்தது இவருக்கு எங்கே தெரியும்?

அடுத்த நாளும் தவளை வந்தது; சிலம்பாயி மறுபடி போய் நின்றது. “கெளுத்தி ஒழுங்கா வேலை பார்க்குதா?” என்று கேட்டது ஆமை.

“வளைக்குள்ள கிடக்கிற எனக்கு எப்படித் தெரியும் தலைவரே? ஓடு இன்னும் இறுகலை. விட்டுடுங்க!”

“பெரிய ஓடு! நான் பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது ஓட்டைக் கழற்றியிருப்பேனா?”

மூன்றாம் நாள் தவளை மூச்சிரைக்க வந்தது. “அவசரமாம்! உடனே வரணுமாம்!”

சிலம்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகவே கூடாது என்று நினைத்தது. ஆனால் குஞ்சுகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? மனசு கேட்கவில்லை. கிளம்பிவிட்டது.

பாதி வழியில் கொக்கு பாய்ந்தது. சிலம்பாயி கொடுக்கைத் தூக்கி மிரட்டிப் பார்த்தது. மெத்தென்ற கொடுக்குக்கு எந்தக் கொக்கு பயப்படும்? அலகில் சிக்கிய வலக்கொடுக்கை அங்கேயே விட்டுவிட்டு, உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடியது.

ஒற்றைக் கொடுக்கோடு வந்து நின்ற நண்டிடம் ஆமை என்ன சொன்னது தெரியுமா?

“வந்துட்டியா! ஒண்ணுமில்ல, நாளன்னிக்கு வேலைக்குச் சரியா வந்துடுவேல்ல? அதைக் கேட்கத்தான்!”

சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது!

“அடப்பாவி!” என்று கத்தியது சிலம்பாயி. “இதைக் கேட்கவா கூப்பிட்டே? என் கொடுக்கு போச்சே! இத்தனை வருஷம் சண்டை போட்ட பாம்புகூட என்னை இப்படிப் பண்ணலையே!”

“சரி சரி, கோபப்படாதே! இன்னும் ரெண்டு நாள் சேர்த்து எடுத்துக்கோ.”

“கொடுத்த நாலு நாள்ல ஒரு நாளாவது நிம்மதியா விட்டியா? போதும்! இனி உன்கிட்ட வேலை பார்க்க மாட்டேன்!”

“நானும் வர்றேன் அக்கா!” என்றது கெளுத்தி. “நாளைக்கு நான் முட்டையிடப் போனாலும் இந்த ஆள் விடமாட்டார்!”

சிலம்பாயியும் கெளுத்தியும் அக்கரைக்குக் கிளம்பின. தாய்மீன்களும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போயின. “நில்லுங்க! நான்தான் தலைவர்!” என்று ஆமை கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கரையில் சிலம்பாயி ஒரு பொந்துக்குள் போய்ப் படுத்தது. கெளுத்தி வாசலில் நின்றது. ஓடு இறுகும்வரை ஒருத்தர்கூட அதைக் கூப்பிடவில்லை.

ஓய்வைக் கொடுத்துவிட்டு ஓயாமல் கூப்பிடுகிற தலைவனிடம் உழைக்கிற ஆள் எவரும் தங்கமாட்டார்.