இடப்பக்கக் கதவு

லாரி மோதியது பாவாத்தாள் உட்கார்ந்திருந்த பக்கம். காரின் இடப்பக்கக் கதவு அப்படியே உள்ளே போய்விட்டது. ஓட்டிய அவள் கணவர் சென்னியப்பனுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

பாவாத்தாளின் காரியமெல்லாம் முடிந்த பிறகு பட்டறையிலிருந்து கார் வந்தது. வேறு கதவு மாட்டி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கே அடிபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

பெயிண்ட் அடித்தவர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: “தொட்டா காஞ்ச மாதிரிதான் தெரியுங்க. உள்ள இன்னும் ஈரம் இருக்கு. ஒரு மாசத்துக்கு பாலிஷ் போட்டுராதீங்க, சோப்பும் வேண்டாம். கவர் போட்டு இறுக்கி மூடியும் வெக்காதீங்க. நெழல்ல நிக்கட்டும், போதும்.”

சென்னியப்பன் அதையே பிடித்துக்கொண்டார். தகரக் கொட்டகையில் காரை நிறுத்தி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குருவி எச்சம் விழுந்தால் ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுத்தார். துக்கம் கேட்க வந்தவர்களை, “கதவுல சாயாதீங்க” என்று தள்ளி நிற்கச் சொன்னார். அழவில்லை. இடப்பக்கக் கதவை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

ஒரு நாள் பாவாத்தாளின் தங்கை துளசிமணி வந்தாள். காரைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு “அக்கா” என்று அலறிக்கொண்டு அந்தக் கதவின்மேல் விழுந்தாள். வளையல் கீறியது.

“கையை எடு! பெயிண்ட் போச்சு பாரு!”

துளசிமணி அவர் முகத்தையே பார்த்தாள்.

“நல்லாப் பாத்துக்கங்க மாமா” என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சென்னியப்பன் அந்தக் காரிலேயே மடத்துக்குப் போனார். மடத்தில் இருந்த நல்லம்மை வயதில் அவரைவிட மிக இளையவர். ஆனாலும் சென்னியப்பனுக்கும் பாவாத்தாளுக்கும் நல்லம்மைதான் குரு.

நல்லம்மை வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கீறலுக்கு முன்னால் நின்றார்.

“இது எப்படி ஆச்சுங்க அண்ணா?”

சென்னியப்பன் நடந்ததைச் சொன்னார்.

“பொண்டாட்டி செத்ததுக்கு அழுகாதவன், கதவுல கீறல் விழுந்ததுக்குக் கத்தறேனுங்க. நானெல்லாம் என்ன மனுசன், தாயே?”

நல்லம்மை அவர் பக்கம் திரும்பினார்.

“எதுக்கு இதை இப்படிப் பொத்திப் பொத்திப் பாத்துக்கறீங்க?”

“இதையாவது காப்பாத்திரலாம்னு…”



நல்லம்மை கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

“வேண்டாங்க, தாயே.”

கதவு திறந்தது. உள்ளே இருக்கைக்குப் புது உறை மாட்டியிருந்தார்கள். நல்லம்மை அதில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

சென்னியப்பன் வெளியே நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் தோளும் சேலைத் தலைப்பும் தெரிந்தன. அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம் என்றே முதலில் அவருக்குத் தெரியவில்லை. கதவின்மேல் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நல்லம்மை கண்ணாடியை இறக்கவில்லை. நேராகப் பார்த்தபடி காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார் சென்னியப்பன். கதவில் கண்ணீரும் நெற்றித் திருநீறும் அப்பியிருந்தன. துடைக்கத் துண்டை எடுத்தவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

“எங்கீங்க போகணும், தாயே?”

“துளசிமணி வீட்டுக்கு.”

சாவியில் வைத்த கையை அவர் எடுத்துவிட்டார்.

“அந்த ரோடு பூராவும் ஜல்லிங்க. கல்லு தெறிக்கும்.”

“தெறிக்கும்தான், அண்ணா” என்றார் நல்லம்மை. “மெதுவாப் போங்க.”