தூக்கி நிறுத்திய பக்கெட்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே, கப்பலில் வந்திறங்கும் உரத்தைக் குவித்து வைக்கும் ஷெட் ஒன்றில் சவரிமுத்து இருபத்திரண்டு வருஷம் மண்வெட்டி பிடித்தார். நாற்பத்தெட்டாவது வயதில் வலது தோள் இறங்கிவிட்டது. இனி மண்வெட்டி தொடக் கூடாது என்றார் டாக்டர்.

அங்கே அவர் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான் மிச்சம். உரத்தை அள்ளி லாரியில் போடும் சின்ன லோடரை ஓட்டுவது.

அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் ஜெபக்கனி. சவரிமுத்துவின் மூத்த மகளைவிட ஒரு வயது பெரியவள். அவளைப் பக்கத்து ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். போவதற்குள் இவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

சவரிமுத்து அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். முதல் வாரம் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

முதல் நாள் வண்டி நகரவே இல்லை. ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, மடிக்கு மேலே பாதுகாப்புக் கம்பியை இறக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வர வேண்டும். முப்பது தடவையாவது இருக்கும்.

"எப்பத்தான் டீச்சர் ஓட்டுறது?"

"நாளைக்குண்ணே. இன்னொரு தடவை ஏறுங்க."

மூன்றாவது வாரம் அவர் நன்றாகவே அள்ளினார். நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றித் திருப்பினார். பழைய சேக்காளிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விசிலடித்தார்கள்.

அன்று ஈரத்தில் இறுகிப்போன உரக்கட்டி ஒன்று, வண்டிக்கு முன்னால் உரம் அள்ளித் தூக்கிய பக்கெட்டிலேயே சிக்கிக்கொண்டது. லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். சவரிமுத்து எஞ்சினை அணைத்தார். பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு, இறங்கி அதன் அடியில் நின்று கடப்பாரையால் குத்திவிடலாம் என்று மடிமேல் இருந்த கம்பியைத் தூக்கினார்.

"அண்ணே! உட்காருங்க. பக்கெட்டைத் தரைக்குக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். கட்டியை உடைத்தார். முகம் கறுத்திருந்தது.

"ஒரு நிமிஷ வேலை டீச்சர். வண்டி புதுசு. தூக்கினது அப்படியே நிக்கும், விழாது."



மறுநாள் மத்தியானம், வெறும் பக்கெட்டை உச்சிக்குத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். தூக்கினார். அவள் சுவரோரம் இருந்த தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்பக்கமாக நடந்து வந்தாள்.

"எங்க டீச்சர் வாறீங்க?"

"பக்கெட்டுக்குக் கீழ நிழலா இருக்கு. உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிட்டுக்கிறேன்."

"விளையாடாதீங்க."

"ஒரு நிமிஷம்தாண்ணே. வண்டி புதுசு. அப்படியே நிக்கும்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"நில்லு புள்ள!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. ஜெபக்கனி நின்றாள். வண்டிக்கும் அவளுக்கும் இன்னும் பத்துப் பதினைந்து தப்படி இருந்தது. சவரிமுத்து பக்கெட்டை மெல்லத் தரையில் வைத்தார். எஞ்சினை அணைத்தார். கம்பியைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றி, இறங்கி வந்தார்.

"என்ன காரியம் டீச்சர் இது? உங்களுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா?"

"நேத்து அதே இடத்துக்கு ஒருத்தர் போகப் பார்த்தாரு. அவருக்காக நீங்க ஒரு சத்தம்கூடப் போடலையேண்ணே."

சவரிமுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அவரை நம்பி இருக்கும் நாலு முகமும் கண்ணுக்குள் வந்தன.

அன்று சாயங்காலம் நடந்ததை மனைவி லூர்தம்மாளிடம் சொன்னார். மறுநாள் காலையில் அவள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். "ஒண்ணு அந்தப் பிள்ளைக்கு." அதற்குப் பிறகு தினமும் இரண்டுதான்.

ஜெபக்கனி பக்கத்து ஷெட்டுக்குப் போகும் நாள் வந்தது. சவரிமுத்து ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு வாங்கி வந்திருந்தார். கொடுக்கும்போது கண் கலங்கியது.

"என் பிள்ளைகளுக்கு அப்பனைத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க டீச்சர். இனிமே தினம் காலையில வண்டில ஏறி உட்கார்ந்ததும், உங்களை ஒரு தடவை மனசுல நினைச்சுட்டுத்தான் சாவியைத் திருப்புவேன்."

ஜெபக்கனி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப வேண்டாம்ணே. அப்ப முன்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க. சாயங்காலம் இறங்கினதுக்கப்புறம் நினைச்சுக்கோங்க."