சாம்பார் ஊசி

வள்ளியூர்ப் பக்கம் கல்யாணங்களுக்குச் சமைக்கிற மூணு பேர் உண்டு. தலைவர் இசக்கியப்பன். கையாட்கள் பலவேசமும் சொரிமுத்துவும். மூணு தலையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு கரண்டி மூளை தேறாது. ஆனால் தங்கமான மனுசங்க, அதைச் சொல்லியாகணும்.

மண்டப முதலாளி தவமணி மூவரிடமும் கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்தப் பந்தி நல்லா நடந்தா இனி மண்டபத்துச் சமையல் எல்லாம் உங்களுக்குத்தான். சொதப்புனா இந்தப் பக்கமே வரப்படாது."

கல்யாணத்தன்று காலையில்தான் மூவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள்: "ஊசி போட்டவங்க அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போகணும். கை வலிக்கும். சிலருக்கு வாய் காயும், ருசி தெரியாது. பதறாதீங்க. ஒண்ணும் செய்ய வேண்டாம், தானா சரியாயிரும்."

மண்டபத்துக்கு வந்து சாம்பார் வைத்தார்கள். உப்பு எப்போதும் கடைசியில்தான். இசக்கியப்பன் நாக்கில் விட்டுப் பார்த்துச் சொல்லாமல் உப்பை யாரும் தொடக்கூடாது. விட்டுப் பார்த்தார். சப்பென்று இருந்தது.

"ஏலே, ஊசி வேலை செய்யுது!" என்று பூரித்துப்போனார்.

"எனக்கும் சப்புன்னுதான் இருக்கு அண்ணாச்சி!" என்றான் சொரிமுத்து.

பலவேசத்துக்கு மட்டும் சந்தேகம். "உப்பு போடலையோ?"

"உப்பு இல்லேன்னு எது சொல்லுதுலே?"

"நாக்கு."

"நாக்குதான் இன்னைக்கு லீவுல இருக்கே! அது பேச்சைக் கேட்டு உப்பைப் போட்டா கரிச்சுப் போகாதா? நர்ஸம்மா என்ன சொன்னாக?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம், தானா சரியாயிரும்."

சாம்பார் தானாகச் சரியாகட்டும் என்று மூடி வைத்தார்கள்.

பந்தியில் முதல் வாயிலேயே கூச்சல். தவமணி இலையை விட்டு எழுந்துவிட்டார். "அட பாவிகளா! ருசியே இல்லையேடா!"

இசக்கியப்பன் பக்கத்தில் போய்க் கரிசனமாகக் கேட்டார்: "முதலாளி, நீங்களும் ஊசி போட்டீகளோ?"

"இங்க எவனும் போடலய்யா!"

மூவரும் அடுக்களையில் கூடினார்கள். ஊசி போடாதவர்களுக்கு ருசி எப்படிப் போகும்? நெற்றியைச் சொறிந்து சொறிந்து பலவேசம்தான் கண்டுபிடித்தான்.

"அண்ணாச்சி, சாம்பாரைக் கிண்டுனது ஊசி போட்ட கை. மருந்து கரண்டி வழியா இறங்கிட்டு. பந்தியில எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு!"

"அய்யய்யோ! அப்போ அரை மணி நேரம் உக்காரணுமே! எல்லாரும் எந்திரிக்காகளே!"

ஓடிப்போய் மண்டபத்துக் கதவை வெளியே பூட்டினார்கள். உள்ளேயிருந்து மொத்தக் கூட்டமும் கதவை இடித்தது. "திறங்கடா! இனி இந்த மண்டபத்து வாசல்ல உங்களைப் பார்த்தேன், காலை ஒடிச்சுருவேன்!" என்று தவமணி கத்தினார்.

இசக்கியப்பன் கதவில் காதை வைத்துக் கேட்டார். வலிக்கிற தன் கையைத் தடவிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்:

"என்னா இடி இடிக்காக பாத்தியா! நமக்குக் கையைத் தூக்க முடியல, அவுகளுக்கு ஒரு வலியும் இல்ல. நம்ம சாம்பார் ஊசிதாம்லே ஒசத்தி!"